பஜ்ஜி தர வேண்டிய வார்த்தை

"நாலு மாத்திரை சார். நாள் முழுக்கப் பிரிச்சுச் சாப்பிட வேண்டிய நாலு. அதை ஒரே வாயில போட்டு முழுங்க வச்சுட்டாங்க."

ஆன்சி இதைச் சொல்லும்போதே கீழே சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர் "சமயபுரம், சமயபுரம்" என்று தொண்டை கிழியக் கத்தினார். பீமராவ் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். அதே வேலையை இப்போது சொந்தமாகச் செய்கிறார். இன்னும் கொஞ்சம் மோசமான நாற்காலியில் உட்கார்ந்து.

"யாரு முழுங்கினது?"

"பிச்சமுத்துன்னு ஒருத்தர். காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்கறவர். சனிக்கிழமை இலவச சர்க்கரை முகாம்ல நர்ஸ் குடுத்திருக்காங்க. அன்னைக்கு மத்தியானமே வெங்காய மூட்டையோட சாஞ்சுட்டார். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிடுச்சு. அஞ்சு நாளா ஐ.சி.யூ.ல இருக்கார்."

"குடுத்தது நர்ஸ். உங்களுக்கு என்ன சம்பந்தம்?"

"அந்த நர்ஸ் எங்க கையேட்டைப் பார்த்துத்தான் குடுத்தாங்க."

நாற்பதைத் தாண்டிய ஆன்சி ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆபீஸ் நடத்துகிறாள். டாக்டர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும் ஆபீஸ். வேலையைப் பிடித்து வருவதும், முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவளுடைய பங்குதாரர் பிரேமலதா. அவள்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆன்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையேட்டுல 'டோஸ், நாலு மாத்திரை'ன்னு டாக்டர் எழுதியிருந்தார்" என்றாள் ஆன்சி. "டோஸ்னா ஒரு தடவைக்கு உள்ளே போற அளவு. டோஸேஜ்னா எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள்ங்கற மொத்த ஏற்பாடு. ரெண்டும் பக்கத்து வீட்டு வார்த்தைங்க. பெரிய டாக்டருங்களே மாத்தி எழுதுவாங்க."

"எனக்கு ஒரு டோஸ்தான் தெரியும்" என்றாள் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சுராயா. பீமராவின் உதவியாளர். ஸ்கூட்டரையும் வாயையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிறவள். "எங்க அத்தா தினம் மூணு வேளை விடுவாங்க. அப்ப அது டோஸேஜா அக்கா?"

பிரேமலதா சிரித்தாள். ஆன்சி சிரிக்கவில்லை.

"நான் அந்த வரியை விடலை சார். ஓரத்துல கேள்வி போட்டேன். 'டோஸா, டோஸேஜா? டாக்டரைக் கேட்கவும்.' கேள்வி திறந்திருந்தா ஃபைல் வெளியே போகக் கூடாது. காரணம் எழுதாம கேள்வியை மூடவும் கூடாது. அதுதான் எங்க ஆபீஸ் முறை."

"ஆனா போயிடுச்சு."

"வெள்ளிக்கிழமை பதினொன்னே முக்காலுக்கு என் லாக்-இன்ல, என் பேர்ல யாரோ அந்தக் கேள்வியை மூடியிருக்காங்க. அன்னைக்கு என் வீட்டுக்காரர் விக்டருக்கு ரெண்டாம் வருஷ நினைவுப் பூசை. நான் கோவில்ல இருந்தேன். போன்லயே மூடியிருக்கலாமேங்கறாங்க, கையேடு போடச் சொன்ன மருந்து கம்பெனியில. ஃபைலைப் பூட்டி வச்சுட்டு எனக்கே காட்ட மாட்டேங்கறாங்க."

"இப்ப என்ன கேட்கறாங்க?"

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள, நான்தான் கவனமில்லாம மூடினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். போட்டா போலீஸ் கேஸ் என் தலையில. அப்புறம் இந்த ஊர்ல ஒரு ஆஸ்பத்திரிகூட என்னை நம்பி ஒரு வரி தராது. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழில்தான் சார்."

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணு பேருக்கு. பிரேமாவோட பொண்ணு பேருதான் பாஸ்வேர்டு. எனக்குக் குழந்தை இல்லை. அவதான் எனக்கும்."

"மூணாவது ஆள்தான் சார் விஷயமே" என்று பிரேமலதா முன்னால் நகர்ந்தாள். "அறிவுமதின்னு எங்க ஆபீஸ்ல திருத்தற வேலை பார்க்கறவர். ஃபைலை அனுப்பினது அவர்தான். திங்கட்கிழமையிலேருந்து ஆளைக் காணோம், போன் ஆஃப். நானும் இவளும் பதினாறு வருஷ சிநேகம். அநியாயமா இவ மாட்டக் கூடாதுன்னு நான்தான் இங்க இழுத்துட்டு வந்தேன். அந்த ஆளைப் பிடிங்க, போதும்."

வாசல் வரை போன ஆன்சி திரும்பினாள். "நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். பிச்சமுத்து சம்சாரம் பொன்னுத்தாய் என்னை உள்ளேயே விடலை. 'நீதானே அந்த ஆன்சி? என் புருஷன் எழுந்து உட்காரட்டும், அப்புறம் உன்னைப் பேசிக்கறேன்'னாங்க."

பீமராவ் அந்த ஒரு வரியை மட்டும் தன் கையாலேயே குறித்துக்கொண்டார்.

இரண்டு பெண்களும் போனதும் சுராயா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று.

"அஞ்சு மணி நேரத்துல திருச்சி முழுக்க எங்க சார் தேடறது? உறையூர்லேருந்து ஆரம்பிச்சா, அரியமங்கலம் போறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்."

"ஆன்சி குடுத்த ஆபீஸ் பதிவேட்டுல அறிவுமதி மனைவி நம்பர் இருக்கு பாரு. நீ இப்ப கூரியர் ஆபீஸ்ல வேலை பார்க்கறே."

சுராயா புரிந்துகொண்டாள். அவள் குரல் தேன் தடவிக்கொண்டது. "மேடம், உங்க பேருக்குப் பட்டுப்புடவை பார்சல் ஒண்ணு வந்திருக்கு. வீடு பூட்டியிருக்குங்க. திருப்பி அனுப்பிடட்டுமா?"

எதிர்முனை பதறியது. அடுத்த நிமிடம் முழு முகவரியும் வந்தது, அடையாளத்துக்கு ஒரு வேப்ப மரத்தோடு.

"எடமலைப்பட்டி புதூர், சார். அம்மா வீடாம். ஜெயிலைத்தான் மாமியார் வீடும்பாங்க. இந்த மனுஷன் மாமியார் வீட்டையே ஜெயிலாக்கிக்கிட்டாரே!"

வேப்ப மரத்துக்கு எதிர் வீட்டுப் பின்கட்டில் முப்பத்தைந்து வயது ஆள் ஒருவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பீமராவைப் பார்த்ததும் துருவலோடு எழுந்தார். ஓடுவதற்குச் சுற்றிலும் பார்த்தார். வாசலில் சுராயா, கொல்லையில் மாமியார். அறிவுமதி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"போலீஸா சார்?"

"இல்லை. போலீஸ் வந்தா வறுகடலை போட்டுச் சட்னி அரைக்கறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. நாங்க சாப்பிட்டுட்டுத்தான் போவோம்" என்றாள் சுராயா. "புடவை எங்கேன்னு மட்டும் உங்க வீட்டம்மா கேட்கக் கூடாது."

"நான் அந்தக் கேள்வியை மூடலை சார்" என்றார் அறிவுமதி. "ஃபைலை அனுப்பினது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடியே கேள்வி மூடியிருந்தது. மேடம் பேரு போட்டு, காரணம் போட்டு. என்கிட்ட போட்டோவே இருக்கு."

"போட்டோவா? எதுக்கு எடுத்தீங்க?"

அறிவுமதியின் முகத்தில், அந்த நிலைமையிலும், ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. "பஜ்ஜிக்கு சார்."

"என்னது?"

அவர் செல்போனை எடுத்து நீட்டினார். கணினித் திரையின் படம். ஓரத்தில் ஆன்சியின் பெயருக்குக் கீழே மூன்று வரி ஆங்கிலம். பீமராவ் அதைத் தமிழாக்கி வாய்விட்டுப் படித்தார். "'பார்த்தாகிவிட்டது. டோஸ் என்றே இருக்கட்டும். வரி சுருக்கமாக இருந்தால் நோயாளிகளின் கம்ப்ளையன்ஸ் கூடும்.' இதுல எங்கே பஜ்ஜி இருக்கு?"

"அந்தக் கம்ப்ளையன்ஸ்ல சார். எங்க ஆபீஸ்ல அது தடை பண்ணின வார்த்தை. கம்ப்ளையன்ஸ்னா நோயாளி டாக்டர் பேச்சுக்கு அடங்கி மாத்திரை சாப்பிடறது. அட்ஹியரன்ஸ்னா தானா மனசு ஒப்பி விடாம சாப்பிடறது. விளைவு ஒண்ணுதான். ஆனா மேடம் ரெண்டாவதைத்தான் விடுவாங்க."

"ஏன் அவ்வளவு கறார்?"

சிரிப்பு போய்விட்டது. "விக்டர் சார் கடைசி நாள்ல மாத்திரையை முழுங்க முடியாம துப்பியிருக்கார். கேஸ் ஷீட்ல 'கம்ப்ளையன்ஸ் இல்லை'ன்னு எழுதிட்டாங்களாம். முழுங்க முடியாத மனுஷனை அடங்காத மனுஷன்னு எழுதலாமான்னு மேடம் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் குடுத்தது இதைத்தான். அன்னைலேருந்து எங்க மேஜையில ஒரு சட்டம். அந்த வார்த்தையைத் தப்ப விட்டவங்க எல்லாருக்கும் கீழ்க்கடையில பஜ்ஜி வாங்கணும். முதல் மாசம் மட்டும் நான் ஒன்பது தடவை வாங்கினேன்."

"தொப்பையைப் பார்த்தா வாங்கினதை நீங்களே சாப்பிட்ட மாதிரி இருக்கே" என்றாள் சுராயா.

"அப்படிப்பட்ட மேடமே அந்த வார்த்தையைப் போட்டு மாட்டிக்கிட்டாங்கன்னு நினைச்சேன். திங்கட்கிழமை காட்டிப் பஜ்ஜி கேட்கலாம்னு சந்தோஷமா எடுத்தேன் சார். அதுக்குள்ள அந்த மனுஷன் விழுந்துட்டார்."

"சரி. ஏன் ஒளிஞ்சீங்க?"

அறிவுமதி தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். "ஆன்சி மேடம் என்மேல போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்களாம். ரெண்டு குழந்தைங்க சார் எனக்கு. இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் கனவுலகூட நினைக்கலை."

"எழுதிக் குடுத்தாங்கன்னு உங்ககிட்ட சொன்னது யாரு?"

அறிவுமதி பெயரைச் சொன்னார். சுராயா நோட்டை மூடினாள். மதுரை ரோட்டுக்கு வந்து சேரும் வரை அவள் வாயிலிருந்து ஒரு ஜோக் வரவில்லை.

அங்கே ஸ்கூட்டரை நிறுத்தி, பீமராவ் அவளை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பொன்னுத்தாயிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொன்னார். இரண்டுக்கும் பதில் வந்தது.

அறிவுமதி தன் வண்டியில் பின்தொடர, காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்று, அவர்கள் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்கு வந்தபோது மணி மூன்று இருபது. கீழே பஜ்ஜிக் கடை, மேலே ஆபீஸ். அறிவுமதியைக் கடையில் நிறுத்திவிட்டு இருவரும் படியேறினார்கள்.

மேஜை மேல் தட்டச்சு செய்த ஒரு தாள் தயாராக இருந்தது. பிரேமலதா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆள் கிடைக்கலையா சார்?" என்றாள். "நினைச்சேன். அப்ப வேற வழி இல்லை ஆன்சி. இப்போதைக்குப் போட்டுடு. வக்கீலை நான் வைக்கறேன். நான் இருக்கேன்ல?"

ஆன்சி பேனாவைக் கையில் வைத்திருந்தாள். இன்னும் எழுதவில்லை.

பீமராவ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்குச் சர்க்கரை இல்லாம குடுங்க மேடம். நமக்கும் அந்த வியாதிதான். டாக்டர் போன வாரம் என்னைத் திட்டினார். சொன்னபடி ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதே இல்லையாம். இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொன்னார், வாயில நுழையலை. அதுக்கு என்ன வார்த்தை?"

"கம்ப்ளையன்ஸ்" என்றாள் பிரேமலதா, டம்ளரை நீட்டியபடி.

"அட்ஹிய..." என்று ஆன்சியின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. பாதியில் நின்றது. அவள் பிரேமலதாவைப் பார்த்தாள். "பிரேமா, அந்த வார்த்தையை நீ இன்னுமா சொல்றே?"

"எந்த வார்த்தையை?"

பிரேமலதா நிஜமாகவே விழித்தாள். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை.

பீமராவ் செல்போன் படத்தை ஆன்சியின் முன்னால் வைத்தார். "உங்க பேர்ல எழுதின காரணம். கம்பெனி உங்களுக்குக் காட்டாதது."

பிழை திருத்துகிறவர்கள் படிப்பது போல ஆன்சி ஒவ்வொரு சொல்லின் மேலும் விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. அங்கேயே இருந்தது.

"இதை நான் எழுதலை" என்றாள், மெதுவாக. "அறிவுமதியும் எழுதலை."

"என்ன பேச்சு இது!" பிரேமலதாவின் குரல் உயர்ந்தது. "ஊர்ல இருக்கற அத்தனை டாக்டரும் எழுதற வார்த்தை. அதை வச்சு நீங்க..."

"ஊர்ல அத்தனை பேரும் எழுதுவாங்க மேடம்" என்றார் பீமராவ். "இந்த மேஜையில உட்கார்ந்து வேலை பார்க்கறவங்க எழுத மாட்டாங்க. பாஸ்வேர்டு தெரிஞ்ச மூணு பேர்ல, இந்த மேஜையில உட்காராத ஆள் ஒருத்தர்தான். சுராயா, அவரைக் கூப்பிடு."

அறிவுமதி வாசலில் வந்து நின்றார். ஆன்சி எழுந்துவிட்டாள். "எங்கே போயிட்டீங்க அறிவுமதி?"

"நீங்க என்மேல போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னு ஞாயித்துக்கிழமை பிரேமலதா மேடம் போன் பண்ணினாங்க. போனை ஆஃப் பண்ணிட்டுக் கண்ல படாம இருன்னாங்க."

"நானா? உங்க மேலயா?"

காபி டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பிரேமலதா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சனிக்கிழமை முகாம் ஆன்சி. அந்த டாக்டர் வெளிநாட்டுல இருக்கார், போனை எடுக்கலை. ஒரே ஒரு கேள்விக்காக மொத்தக் கையேடும் நின்னுது. கம்பெனிக்காரன் மணிக்கு நாலு தடவை கூப்பிடறான். ரெண்டும் ஒண்ணுதானே, நீதான் அநாவசியமா நோண்டறேன்னு நினைச்சேன். இப்படி ஒரு ஆள் விழுவார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதை நான் மன்னிச்சிருப்பேன்" என்றாள் ஆன்சி. "'நீ நிம்மதியா பூசைக்குப் போ, ஆபீஸை நான் பாத்துக்கறேன்'னு மெழுகுவத்தி வாங்கிக் குடுத்து அனுப்பினே. சரி, அதுகூடப் போகட்டும். அவர் விழுந்த பிறகு? நாலு நாளா என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியே. எனக்குத் தூக்கம் வரலைன்னு ராத்திரி என் வீட்டுலயே படுத்தியே பிரேமா."

"நான் மாட்டினா எல்லாம் போயிடும் ஆன்சி. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நீ..." பிரேமலதா நிறுத்தினாள். பிறகு சொல்லிவிட்டாள். "நீ தனி ஆளு."

ஆன்சி பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள்.

பீமராவுக்கு அடுத்ததைச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். "இன்னும் ஒண்ணு இருக்கு. கம்பெனி இதுவரைக்கும் யார் பேரையும் வெளியே விடலை. அப்ப பொன்னுத்தாய்க்கு ஆன்சிங்கற பேரு எப்படித் தெரிஞ்சது? சுராயா கேட்டா."

சுராயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தினம் மத்தியானம் ஒரு புண்ணியவதி கேரியர்ல சோறு கொண்டு வராங்களாம் அக்கா. சிவப்புக்கல் மூக்குத்தியாம். அவங்கதான் சொன்னாங்களாம், 'ஆன்சின்னு ஒருத்தி பண்ணின வேலைம்மா இது'ன்னு." கொஞ்சம் நிறுத்தி, "அவர் இன்னைக்குக் காலையில கண்ணைத் திறந்துட்டாராம். டீ கேட்டாராம்" என்றும் சேர்த்துக்கொண்டாள், அந்த நல்ல செய்தியாவது இருக்கட்டும் என்று.

ஆன்சி பிரேமலதாவின் மூக்கைப் பார்த்தாள். சிவப்புக்கல். நீண்ட நேரம் பார்த்தாள்.

சரியாக நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேஜை மேல் இருந்த போன் அடித்தது. கம்பெனி அதிகாரி. ஆன்சி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்ன மேடம், தாள் ரெடியா? ஆளை அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார். அதுக்கு முன்னாடி பிரேமலதா உங்ககிட்ட பேசணுமாம்." ஆன்சி போனை மேஜையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினாள். "பேசு. நான் ஒரு வார்த்தையும் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

பிரேமலதா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "சார்… எங்க ஆபீஸ்ல ஒரு சின்ன பிசகு…"

"இல்லை" என்றாள் ஆன்சி.

"ஒரு தப்பு நடந்து போச்சு சார்…"

"தானா நடக்கலை."

"ஹலோ? யாரு பேசறது? தெளிவா சொல்லுங்க மேடம்" என்றது போன்.

பிரேமலதா பீமராவைப் பார்த்தாள், சுராயாவைப் பார்த்தாள், வாசலில் நின்ற அறிவுமதியைப் பார்த்தாள். ஆன்சி தாளைக் குறுக்கே கிழித்துக்கொண்டிருந்தாள், நிதானமாக.

"ஏமாத்திட்டேன் சார்" என்றாள் பிரேமலதா. "ஆன்சி பேரைப் போட்டு அந்தக் கேள்வியை மூடினது நான். அவ மூடினான்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. எழுதிக் குடுத்துடறேன்."

போன் "அங்கேயே இருங்க" என்று சொல்லி அணைந்தது.

ஆன்சி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அறிவுமதியிடம் "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். படியை நோக்கி நடந்தாள்.

"ஆன்சி!" பிரேமலதாவின் குரல் பின்னாலேயே வந்தது. "சொல்லிட்டேன்ல? சரியாத்தானே சொன்னேன்?"

இரண்டாவது படியில் ஆன்சி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சரியான வார்த்தைதான் பிரேமா. சனிக்கிழமையே கிடைச்சிருக்கணும்."